உப்பு போடாத கருவாடு – நார்வே கப்பல் டைரி

புதன், ராத்திரி பதினொண்ணே முக்கால், கப்பல்ல

ராத்திரின்னு கடிகாரந்தான் சொல்லுது. மேல டெக்குல பளிச்சுன்னு வெயில், ஜெர்மன்காரங்க கூலிங் கிளாஸ மாட்டிக்கிட்டு பீரும் கையுமா உக்காந்திருக்காங்க. ஆர்க்டிக் வட்டத்த தாண்டியாச்சுன்னு பகல்லயே மைக்குல சொன்னாங்க, அதுக்கு ஒரு சடங்கு வேற, வரிசையில போயி நின்னா சட்டைக்குள்ள ஒரு கரண்டி ஐஸ அள்ளிப் போடுவாங்க, எல்லாரும் கைதட்டுவாங்க. நான் தூரமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன், எனக்கு ஏசி ரூமுக்கே தோளு பிடிக்கும்.

இந்தப் பக்கம் ஜூலை பாதி வரைக்கும் சூரியன் கடல்ல விழாது. ஏன்னு பத்தாங்கிளாஸ் படிச்ச எல்லாருக்கும் தெரியும், பூமி இருபத்தி மூணரை டிகிரி சாஞ்சு சுத்துது, கோடையில வடக்கு முனை சூரியன் பக்கம் சாஞ்சிருக்கும். புத்திக்கு தெரியுது, ஒடம்புக்கு புரியமாட்டேங்குது. நாம 8 டிகிரியில பொறந்து வளந்த ஆளுங்க, கன்னியாகுமரியில சூரியன் ஆறு மணிக்கு வந்து ஆறு மணிக்கு போற ஆளு, வருஷம் பூரா பாத்தாலும் அரைமணி முக்காமணி முன்ன பின்ன, அவ்வளவுதான். இங்க 68 டிகிரி.

இதுல எங்க வீட்டுக்கு ஒரு சிக்கல் வந்துச்சு. நான் தக்கலைக்காரி, ரப்பரும் மரச்சீனியும் பாத்து வளந்தவ. இவிய, எனக்க வீட்டுக்காரர், குளச்சல் பக்கம் கடக்கரை. கடக்கரை வீட்டுல சூரியன் விழுந்தா செபமாலை, அது சட்டம், கல்யாணமாகி வந்த அன்னைக்கே மாமியார் சொல்லிட்டாவ. இங்க சூரியன் விழவே இல்லன்னா எப்ப செபமால சொல்ல? ரெண்டு நாளா இதுதான் ரூமுல வழக்கு. கடைசில இவிய ஒரு தீர்ப்பு சொன்னாவ, "ஊர்ல ஏழு மணிக்கு கோயில்ல மணி அடிக்கும்லா, அந்த நேரத்துக்கு நாமளும் சொல்லுவோம்." ஊர்ல ஏழுன்னா இங்க சாயங்காலம் மூணரை. சரின்னு ஒத்துக்கிட்டேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு சுருக்கமா: சின்ன மக ஹாம்பர்க்ல இருக்கா, அவதான் அங்கேருந்து கிளம்புற கப்பல்ல எங்க ரெண்டு பேருக்கும் போட்டுக் குடுத்தா. இவிய சவுதில வெல்டிங் வேலை பாத்துட்டு வந்து இப்ப தம்பிக்க போட்டுக்கு டீசல் கணக்கு ஐஸ் கணக்கு பாக்காவ, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் நம்ம மேற்கு கடக்கரைக்கு தடைக்காலம், போட்டு குளச்சல்ல கெட்டிக் கெடக்கு, அதனால இவியளுக்கும் லீவு. கருவாடு ஒரு துண்டு கூட பெட்டியில வைக்கக்கூடாதுன்னு மக படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தா. ஏத்தங்கா சிப்ஸும் மாங்கா ஊறுகாயும் மட்டுந்தான் கொண்டாந்தோம்.

நாளைக்கு லோஃபோட்டன் தீவு. மீன் பிடிக்கிற ஊருன்னு புக்குல போட்டிருக்கு. அத படிச்சதுல இருந்து இவிய தூங்காம இருக்காவ, வெயில் காரணம்னு சொல்லுதாவ.

வியாழன், லோஃபோட்டன்

இது கொஞ்சம் நீளமா போவும், முன்னாடியே சொல்லிட்டேன்.

கப்பல் காலைலயே ஒட்டிட்டு. துறைக்கு லெக்னஸ்னு பேரு, ஆனா ஊரு அங்கேருந்து மூணு நாலு கிலோமீட்டர் தள்ளி. கப்பல்காரங்க விக்கிற டூரு வெலையக் கேட்டதும் இவிய "இதுக்கு ஒரு செட்டு வலை வாங்கிப் போடலாம்"னாவ, அதனால மக வெளிய ஒரு மினி பஸ் புக் பண்ணி வச்சிருந்தா. அதுல எங்களோட ஜெர்மன்காரங்க கொஞ்சம், அமெரிக்காக்காரங்க நாலஞ்சு பேரு, வெனிஸ் பக்கத்துல இருந்து ஒரு இத்தாலிக்கார புருஷன் பொண்டாட்டி, எங்க வயசுதான் இருக்கும். கைடு ஒரு சின்னப் பொண்ணு, இந்தத் தீவுலயே பொறந்தவ, படிக்கிறா, கோடையில மட்டும் இந்த வேலை.

குளிரு பத்து டிகிரி. நான் தெர்மல், ஸ்வெட்டர், அது மேல மழைக்கோட்டு, அதுக்கு மேல தலையில ஒரு தோர்த்து. கைடு பொண்ணு அரைக்கை சட்டையில வந்து இன்னைக்கு நல்ல சூடுங்கா.

ரோடு ஒண்ணே ஒண்ணுதான், ஈ10னு பேரு, சுவீடன்ல லூலியோங்கிற ஊர்ல இருந்து வந்து இந்தத் தீவுக் கோடியில முடியுது. ஒரு பக்கம் மலை செங்குத்தா கடல்ல இருந்து எந்திரிச்சு நிக்குது, மறுபக்கம் கடல், நடுவுல ரோடும் நாலு வீடும் நாப்பது ஆடும். ஒரு தீவுல இருந்து அடுத்த தீவுக்கு கடலுக்கு அடியில சுரங்கப் பாதை போட்டிருக்கான், 1990ல தொறந்தது, ஒண்ணே முக்கால் கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல, ஆழமான எடத்துல கடல் மட்டத்துக்கு கீழ 60 மீட்டர தாண்டுது. உள்ள போகும்போது இவிய மேல பாத்துட்டே வந்தாவ. "தலைக்கு மேல மீனு ஓடுது"ன்னாவ. வழியில ராம்பெர்க்னு ஒரு எடத்துல வெள்ள மணல் கடக்கரை, ஃப்ளாக்ஸ்டாட்ல 1780ல மரத்துல கட்டுன செகப்பு கோயில் ஒண்ணு, வெங்காயக் கோபுரம் வச்சது. எறங்கி ஃபோட்டோ எடுத்தோம், வாசல்ல நின்னு சிலுவை போட்டோம், ஏறினோம்.

அதுக்கப்புறந்தான் விஷயமே.

ஒரு வளைவு திரும்புனதும் கடலோரத்துல தடி தடியா மரக்கம்பு, ரெண்டு பக்கமும் சாச்சு வச்சு, மேல குறுக்க நீளமா வரிசை வரிசையா கம்பு, ஆளு உயரத்துக்கு மேல போவுது, ஒரு மைதானம் அளவுக்கு. முக்காவாசி காலி. கடைசி வரிசையில மட்டும் என்னமோ கொத்து கொத்தா தொங்குது. பஸ்ஸு கதவ தொறந்ததும் காத்துல அந்த வாசம் வந்துச்சு பாருங்க, மக்களே, நான் கண்ண மூடிக்கிட்டேன்னா குளச்சல்ல நிக்கேன். இவிய என்னைய ஒரு பார்வ பாத்தாவ, சீட்ட விட்டு எந்திரிச்சு, முன்னால இருந்த ஜெர்மன் பாட்டிய தாண்டி, மொத ஆளா எறங்கிட்டாவ. அறுபத்தஞ்சு வயசுக்கு அந்த வேகத்த நான் கண்டதே இல்ல.

தொங்குறது மீன் தலை. காட் மீனு தலை, வாயில கயிறு கோத்து, கொத்துக்கு இத்தனன்னு கெட்டித் தொங்க விட்டிருக்கு, காஞ்சு பலகையாட்டம் ஆயிருச்சு, தட்டுனா டொக்கு டொக்குங்குது.

கைடு பொண்ணு சொன்ன கதை இது. வருஷா வருஷம் ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் வடக்க இருக்குற பேரண்ட்ஸ் கடல்ல இருந்து காட் மீனு கூட்டங் கூட்டமா முட்டை போட இந்தத் தீவுகளுக்கு வரும். பிடிச்சதும் தலைய வெட்டி, குடல எடுத்து, ரெண்டு ரெண்டு மீனா வாலச் சேத்துக் கெட்டி இந்தக் கம்புல மாட்டிருவாங்க. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் அப்படியே தொங்கும். ஜூனுக்குள்ள எறக்கி குடோன்ல ரெண்டு மூணு மாசம் போட்டு வைப்பாங்க. அவ்வளவுதான். உப்பு கெடையாது, புகை கெடையாது, நெருப்பு கெடையாது.

இவிய நிறுத்தினாவ. "உப்பு?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்ல."

இவிய என் பக்கம் திரும்பி தமிழ்ல, "சும்மா சொல்லுதா, டூரிஸ்ட்டுகிட்ட உண்மைய சொல்லமாட்டா"ன்னாவ.

இதுல ஒரு நியாயம் இருக்கு, வெளியூர்க்காரங்களுக்கு விளங்காது. நம்மூர்ல நெத்திலிக்கு மட்டும் உப்பு இல்லாம காயப்போடுவோம், அது விரல் நீளம், நல்ல வெயிலா இருந்தா ஒரு நாள் ரெண்டு நாள்ல சலசலன்னு ஆயிரும். வாளை, சூரை, சுறா இதெல்லாம் உப்பு இல்லாம வெயில்ல போட்டா சாயங்காலத்துக்குள்ள புழு வச்சிரும். கீறி, கழுவி, உப்புல ஊறப்போட்டு, அப்புறந்தான் மணல்லயும் சிமென்ட் களத்துலயும் விரிக்கிறது, அதுலயும் காக்கா, நாயி, திடீர் மழ எல்லாத்துக்கும் காவலிருக்கணும். இங்க அஞ்சு கிலோ எட்டு கிலோ மீன முழுசா தொங்கவிட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்களாம்.

இவிய விடல, பொலீஸ் விசாரணை மாதிரி கேள்வி. ஈ வராதா? அந்தக் குளிருக்கு ஈ இருக்காது. மழையில நனையாதா? நனையும், காத்து திரும்ப காய வச்சிரும். அப்ப ஐஸா ஒறைஞ்சு போவாதா? இந்தக் கேள்விக்கு அந்தப் பொண்ணு முகம் மலந்துட்டு, அதுதான் விஷயம்னா. ரொம்ப ஒறைஞ்சா சதை ஒடைஞ்சு கெட்டுப்போவும், ரொம்ப சூடானா ஈயும் பூசணமும் வந்துரும். இவ்வளவு வடக்க இருந்தும் இங்க குளிர்காலத்துல பூஜ்யத்த ஒட்டியே நிக்கும், ஏன்னா அட்லாண்டிக்ல இருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் ஒண்ணு இந்தக் கரைய ஒரசிட்டு போவுது, கடல் ஒறையாது. இதே அட்சரேகையில சைபீரியா கல்லா கெடக்கு. ஒறையவும் கூடாது, உருகவும் கூடாது, அந்த நூல் பிடிச்ச எடத்துல மூணு மாசம் காத்தடிக்கணும், அது இங்கதான் கெடைக்குது. அஞ்சு கிலோ பச்ச மீனு காஞ்சா ஒரு கிலோ. தண்ணி மட்டுந்தான் போயிருக்கு, அதனால வருஷக்கணக்குல கெடாது.

இவிய கீழ கெடந்த ஒரு தலைய எடுத்து, செவுள் எடத்த விரிச்சு, மோந்து, நகத்தால கீறிப் பாத்து, "கொள்ளாம்"னாவ, நல்லாருக்குன்னு அர்த்தம். இவிய வாயில இருந்து கொள்ளாம் வர்றது சாமானியமில்ல, எனக்க மீன் கறிக்கே எப்பவாச்சும்தான் வரும்.

அமெரிக்காக்காரம்மா ஒருத்தங்க மூக்க துப்பட்டாவால பொத்திட்டு பஸ்ஸுக்குள்ளயே இருந்தாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே, எங்க ஊர்ல இந்த வாசம் வந்தா பணம் மணக்குதுன்னு சொல்லுவோம்னா. மார்ச் மாசம் தீவு பூரா இப்படித்தான் மணக்குமாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்களாம். சின்ன பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து மீன் தலையில இருந்து நாக்க அறுத்து வித்து காசு சேப்பாங்களாம், அவளும் அறுத்திருக்காளாம், அந்தக் காசுலதான் மொத சைக்கிள் வாங்குனாளாம். சொல்லும்போது என்ன ஒரு பெருமை.

எனக்கு மைனி ஞாபகம் வந்துச்சு, இவியளுக்க அக்கா. முப்பது வருஷத்துக்கு மேல கருவாட்டு வட்டிய, கூடையத்தான், தலையில தூக்கிட்டு திங்கள்சந்தைக்குப் போறாவ. பஸ்ல ஏறினா கடைசி சீட்டு, அதுவும் பக்கத்துல யாரும் உக்காரமாட்டாங்க, வட்டிய சாக்கால மூடு, பிளாஸ்டிக்கால மூடுன்னு ஆளுக்கு ஒரு சட்டம். 2021 டிசம்பர்ல குளச்சல் பஸ் ஸ்டாண்டுல மீன் விக்கிற ஒரு வயசான அம்மாவ நாறுதுன்னு சொல்லி பஸ்ஸ விட்டு எறக்கிவிட்டாங்கல்ல, அந்த அம்மா நின்னு சத்தம் போட்ட வீடியோ தமிழ்நாடு பூரா போச்சு, முதலமைச்சர் கண்டிச்சாரு, பஸ்காரங்கள சஸ்பெண்ட் பண்ணாங்க. அன்னைக்கு மைனி அத பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, "இது இன்னைக்கா நடக்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு வட்டிய கழுவப் போயிட்டாவ. வாங்கித் திங்கிறது மட்டும் எல்லாரும் திங்காங்க. நானும் கல்யாணமான புதுசுல மூக்க சுருக்குனவதான், அது தனிக் கதை.

தீவு முடியிற எடத்துல ஒரு ஊரு, பேரு ஓ. ஒரே ஒரு எழுத்து, நார்வே நெடுங்கணக்குல கடைசி எழுத்தும் அதுதானாம். ரோடு அங்க நின்னுருது, அதுக்கு அங்கிட்டு கடல், சுழல் உள்ள கடல், பேர் போன சுழலாம். ஊரு பூரா மியூசியம். கருவாட்டுக்கு ஒரு மியூசியம்! காசு குடுத்து டிக்கெட் எடுத்து கருவாட்டப் பாக்கப் போனோம், இத ஊர்ல சொன்னா சிரிப்பாங்க. உள்ள கட்டுக் கட்டா அடுக்கி வச்சிருக்கு, விறகுக் கடைக்குள்ள வந்துட்டமான்னு இருந்துச்சு.

தரம் பிரிக்கிறதுக்குன்னே ஒரு ஆளாம், அது தனிப் படிப்பு மாதிரி, வருஷக்கணக்குல பழகணும். நீளம், தடிமன், நிறம், கீறல், ஈரல் கறை, எல்லாம் பாத்து மோந்து பாத்து இருபது தரம் வரைக்கும் பிரிப்பாங்க. ஒசந்த தரமெல்லாம் இத்தாலிக்கு. கீழ்த் தரமும் தலையும் நைஜீரியாவுக்கு, அங்க அத சூப்புல போட்டு கொதிக்க வைப்பாங்களாம். லோஃபோட்டன் கருவாட்டுக்கு ஐரோப்பாவுல புவிசார் குறியீடு இருக்கு, நம்ம மட்டிப்பழத்துக்கு 2023ல கெடச்சுதே அதே சங்கதி. நம்ம கருவாட்டுக்கும் ஒண்ணு வாங்கலாம்ல, யாராவது கேளுங்கப்பா.

இருபது தரம்னு கேட்டதும் இவிய அலட்சியமா, "மைனி வட்டிய எறக்காமலே நாப்பது பிரிப்பா"ன்னாவ. உண்மைதான்.

இத்தாலிக்கு எப்படிப் போச்சுன்னா அது ஒரு கப்பல் ஒடஞ்ச கதை. வெனிஸ் வியாபாரி ஒருத்தர், குவெரினின்னு பேரு, கப்பல் புயல்ல சிக்கி 1432 ஜனவரியில இந்தத் தீவுக்கூட்டத்துக் கடைசியில ரோஸ்ட்ங்கிற தீவுப் பக்கம் ஒதுங்கியிருக்காரு. பாதி செத்த ஆளுங்கள மீன்காரங்க வீட்டுல வச்சு காப்பாத்தியிருக்காங்க, ஊருக்குத் திரும்பும்போது இந்தக் கருவாட்டையும் கதையையும் கொண்டு போயிருக்காரு. எங்க பஸ்ல வந்த இத்தாலிக்காரம்மா இதக் கேட்டுட்டு நெஞ்சுல கை வச்சு எங்க ஊரு எங்க ஊருன்னு ஒரே சந்தோசம். அவங்க எப்படி சமைப்பாங்கன்னு கேட்டேன். கருவாட்ட நல்லா அடிச்சு, ரெண்டு மூணு நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறப்போட்டு, வெங்காயம் ஆலிவ் எண்ணெய் போட்டு, பால் ஊத்தி மணிக்கணக்கா சின்ன தீயில வைப்பாங்களாம்.

பாலுன்னு சொன்னதும் இவியளுக்கு முகம் மாறிட்டு. "கருவாட்டுல பாலா? மேல் பூரா வெள்ளையாயிராதா?" அந்தம்மாவுக்கு மொழிபெயர்க்காம நான் விட்டுட்டேன். "தேங்காப்பால் ஊத்தி நாம வைக்கலியா"ன்னு கேட்டதுக்கு, "அது தேங்கா, இது மாடு"ன்னாவ. இதுக்கு மேல பேச்சில்ல.

அந்த ஊர்லயே மீன் ஈரல் எண்ணெய் எடுக்குற பழைய பட்டறை ஒண்ணு இருக்கு. சின்னதுல டாக்டரு எழுதிக் குடுப்பாரே காட் லிவர் ஆயில், மூக்கப் பிடிச்சு ஊத்துவாங்களே, அது இதுதான். ஈரல ஆவியில வேக வச்சு மேல மெதக்குற எண்ணெய வடிக்கிறது. இதப் பாத்துட்டு இவிய அவிய அப்பா சொன்ன ஒரு விஷயம் சொன்னாவ, நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல இந்த எண்ணெய் நம்ம நாட்டுக்கு வர்றது நின்னு போச்சு, அப்ப திருவிதாங்கூர் பக்கம் சுறா ஈரல்ல இருந்து எண்ணெய் எடுத்தாங்க, அதுவரைக்கும் தோணிக்கு பூசிட்டு இருந்த ஈரலுக்கு திடீர்னு வெல வந்துட்டுதாம். தூத்தூர்க்காரங்க சுறாவுக்கு போறவங்க, அவங்களுக்கு யோகம்.

அடுத்த கொட்டகையில பழைய படகு. நீளமா, ரெண்டு முனையும் மேல வளஞ்சு, பலக மேல பலக ஏறி நிக்குற மாதிரி ஆணி அடிச்சது, ஒரே ஒரு சதுரப் பாய். மேல மூடி கெடையாது. ஜனவரி பிப்ரவரி பனியில, பகலே கொஞ்ச நேரந்தான், இந்தத் தொறந்த படகுல துடுப்பு போட்டு வந்து மீன் பிடிச்சிருக்காங்க, நூறு நூத்தம்பது வருஷம் முன்னாடி வரைக்கும். தூர ஊர்ல இருந்து வர்றவங்க தங்கத்தான் தண்ணி மேல கால் வச்சு நிக்குற அந்த செகப்புக் குடிசைங்க, ரோர்பும்பாங்க, ஒரு ரூமுல பத்து பேரு. இப்ப அதெல்லாம் ஓட்டலு, ஒரு ராத்திரி வாடகைய விசாரிச்சிட்டு பேசாம வந்துட்டோம்.

இவிய அந்தப் படகுகிட்டயே ரொம்ப நேரம் நின்னாவ. நான் போயி பேக்கரியில, 1844ல கட்டுன பேக்கரி இன்னும் ஓடுது, பட்டை போட்ட பன்னு ரெண்டு வாங்கிட்டு வந்து பாத்தா அங்கயேதான் நிக்காவ, பலக ரெண்டும் சேர்ற எடத்த விரலால தடவிக்கிட்டு. மாமா, இவியளுக்க அப்பா, கட்டுமரக்காரர். எங்க கல்யாணத்துக்கு அப்புறமும் போயிட்டு இருந்தாவ. 1953ல நார்வேக்காரங்க நம்ம பக்கம் வந்தாங்க தெரியுமா, கொல்லத்துப் பக்கம் நீண்டகரையில, இந்தியாவும் நார்வேயும் ஐநாவும் சேந்து போட்ட திட்டம், எஞ்சின் வச்ச சின்ன போட்டு, ஐஸ் பிளாண்ட்டு, ஆஸ்பத்திரி எல்லாம் கொண்டாந்தாங்க. அப்ப நம்ம கன்னியாகுமரி மாவட்டமும் திருவிதாங்கூர் கொச்சியிலதான் இருந்துச்சு, 1956 நவம்பர் 1லதான் தமிழ்நாட்டோட சேந்தோம், அதனால நம்ம ஆளுங்க அங்க தொழிலுக்குப் போறதும் வர்றதும் சாதாரணம். மாமா அங்க மொத தடவ எஞ்சின் போட்ட பாத்துட்டு வந்து, வெள்ளக்காரன் போட்டு பாயில்லாம துடுப்பில்லாம தானா போவுதுன்னு சொன்னப்ப ஊர்ல யாரும் நம்பலியாம். அந்த நார்வேக்காரனே எஞ்சினுக்கு மாறி அப்ப அம்பது வருஷந்தான் ஆகியிருக்கும். "அப்பா இத பாத்திருக்கணும்"னாவ. "அவனும் நம்மள மாதிரி பாய் கெட்டித்தான் கெடந்திருக்கான்." நான் பன்ன நீட்டினேன், வாங்கித் தின்னாவ.

எஞ்சினும் இழுவை வலையும் வந்து பின்னால நம்ம கடக்கரையில கட்டுமரக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் எத்தன சண்டை, எத்தன பேச்சுவார்த்தை, அதெல்லாம் இந்த மியூசியத்துல எழுதல. எழுத வேண்டிய கட்டாயம் அவங்களுக்கு இல்ல.

மத்தியானம் ரெய்னேன்னு ஒரு ஊரு, காலண்டர்ல போடுற படமெல்லாம் இங்கதான் எடுக்குறாங்க, மலை, கடல், செகப்பு வீடு, எல்லாரும் ஒரே பாலத்துல நின்னு ஒரே படம். நாங்களும் எடுத்தோம். அழகுதான், இல்லேங்கல. மீன் சூப்பு குடிச்சோம், வெண்ணெய் கிரீம் போட்டது, ஒரு கிண்ணம் இருநூறு குரோனருக்கு மேல, நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் கொறைய. ரெண்டு பேரும் ஒரு கிண்ணத்த பங்கு வச்சோம். மீனு நல்ல மீனு, உப்பும் இல்ல ஒறைப்பும் இல்ல, நான் பையில இருந்து ஊறுகா எடுத்தேன், பக்கத்து மேசைக்காரரு ஆசையா பாத்தாரு, ஒரு சொட்டு குடுத்தேன், அவருக்கு கண்ணுல தண்ணி வந்துட்டு, ஆனா இன்னொரு சொட்டு கேட்டாரு. போறவங்களுக்கு ஒரு குறிப்பு: இங்க எல்லாரும் பெரும்பாலும் கார்டுதான் தேய்க்காங்க, கக்கூஸுக்குக் கூட, வேலை செய்யற கார்டு ஒண்ணு கையிலயே வச்சுக்குங்க.

பஸ்ஸு திரும்பி வர்ற வழியில மணி மூணரை. இவிய என் கையத் தட்டினாவ. பையில இருந்து செபமாலைய எடுத்து ரெண்டு பேரும் மெதுவா முணுமுணுக்க ஆரம்பிச்சோம், நடுவுல அந்தக் கடலடி சுரங்கம் வந்துச்சு, மூணாவது பத்துல பாதி கடலுக்கு அடியிலதான். முன் சீட்டு இத்தாலிக்காரம்மா திரும்பிப் பாத்தாங்க, மணிய பாத்தாங்க, அவங்க பைக்குள்ள கைய விட்டு அவங்க மாலைய எடுத்துட்டாங்க. அவங்க பாஷையில அவங்க, நம்ம பாஷையில நாங்க. இந்த நாட்டுக் கோயில் முக்காவாசி லூத்தரன் சபை, அதனால கைடு பொண்ணுக்கு ஒண்ணும் விளங்கல, மைக்க மட்டும் அணைச்சுட்டா, நல்ல பிள்ளை.

நாலு மணிக்கு கப்பல்ல ஏறியாச்சு. ஏறும்போது பைய எக்ஸ்ரேயில விட்டாங்க. இவிய மியூசியத்துக் கடையில ஒரு பாக்கெட் கருவாடு வாங்கியிருந்தாவ, சீல் போட்டது, அப்படியே கடிச்சுத் திங்கிறது. செக்யூரிட்டி ஆளு பிலிப்பைன்ஸ்காரரு. பாக்கெட்ட எடுத்துப் பாத்துட்டு, இவிய முகத்த பாத்துட்டு, பெருமூச்சு விட்டு, "எங்க ஊர்லயும் உண்டு சார்"னு திருப்பிக் குடுத்துட்டாரு.

வெள்ளி காலைல, ட்ரோம்சோ போற வழி

பாக்கெட்ட பிரிச்சோம். ருசி எப்படின்னா மொதல்ல ஒண்ணுமே இல்ல, மரத்தூள கடிக்கிற மாதிரிதான், மென்னுட்டே இருந்தா மெதுவா மீனு வருது, கடைசில நல்ல இனிப்பா ஒரு மீனு ருசி தங்குது. உப்பு இல்லாததால மீனு மட்டுந்தான் வாயில. எனக்கு பிடிச்சிருக்கு. இவியளுக்கு பல்லு ஒண்ணு ஆடுது, அதனால வாயில வச்சு ஊறவிட்டு ஊறவிட்டு திங்காவ. ரூம் சுத்தம் பண்ண வந்த பையன் கதவ தொறந்துட்டு அப்படியே சாத்திட்டு போயிட்டான்.

நேத்து எடுத்த வீடியோவ மைனிக்கு அனுப்பியிருந்தோம், கம்பு, தலை, மியூசியம் எல்லாம். காலைல வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கு. ஊர்ல நல்ல மழையாம், களத்துல ஒண்ணும் விரிக்க முடியல, தடைக்காலத்துல போட்டு மீனும் இல்ல, வள்ளத்துல வர்றதுதான், அதுக்கும் ஆனை வெல. மெசேஜ அப்படியே எழுதுறேன்:

"லேய் தம்பி, பாத்தேன். உப்பு போடாம காயுமாம்? அவ சொன்னா நீ நம்பிட்டு வந்துருவியா. சரி அது போவட்டு. கருவாட்டுக்கு டிக்கெட் போட்டு காட்டுதானா, எனக்க வட்டியப் பாக்க வந்தா நான் சும்மா காட்டுவேன். கிலோ என்ன வெல?"

இவிய வெலைய ரூபாயில போட்டு அனுப்புனாவ. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் ரெண்டாவது மெசேஜ்.

"அந்தத் தலைய யாரு வாங்குதா?"

நைஜீரியாக்காரன்னு இவிய பதில் போட்டாவ.

"நம்ம சூரைத் தலை எடுப்பானான்னு கேளு. இஞ்ச சும்மா கோழித் தீவனத்துக்குத்தான் போவுது."

இப்ப இவிய கப்பல்ல நைஜீரியாக்காரங்க யாராவது இருக்காங்களான்னு தேடிட்டு மேல டெக்குக்கு போயிருக்காவ. கிச்சன்ல ஒருத்தர் இருக்காருன்னு ரூம் பையன் சொன்னானாம். பத்து மணிக்கு ட்ரோம்சோ, கேபிள் கார்ல மலை மேல போறதா பிளான், அதுக்குள்ள ஆளு எறங்கி வந்தா சரி.